மைக்ரோவேவை எங்கே வைப்பது: அடுப்படியிலா, ரெண்டாங்கட்டிலா?

முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு (சாப்பாட்டுக் கூடம் உள்ள இரண்டாம் பகுதி), அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் செட்டிநாட்டு வீட்டில் இடத்துக்குப் பஞ்சம் இல்லை. எர்த் உள்ள 16 ஆம்பியர் பிளக் பாயிண்டுக்குத்தான் பஞ்சம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் புதிதாகக் கட்டுகிற வீடுகளிலும் ஃபிளாட்டுகளிலும் நிலைமை தலைகீழ். பிளக் இருக்கும், மேடையில் ஒரு முழம் இடம் இருக்காது. இந்த இரண்டு வகை வீட்டுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது.

முதலில் அந்தப் பெட்டி நம் வீட்டில் என்ன வேலை பார்க்கப் போகிறது என்று யோசியுங்கள். காலையில் பால், மத்தியானம் ஃப்ரிட்ஜில் இருந்த குழம்பு, ராத்திரி மீந்த இடியாப்பம். மிளகாய் வறுப்பதும், மசாலா வதக்குவதும், தாளிப்பதும் அடுப்பில்தான் நடக்கும். அதை யாரும் மாற்றப் போவதில்லை. பாத்திரம் போகிற வழி ஃப்ரிட்ஜ், மைக்ரோவேவ், சாப்பாட்டு மேஜை. நடுவில் அடுப்பு எங்கும் வரவில்லை. ஆனாலும் பெட்டி வீட்டுக்கு வந்ததும் எல்லாரும் முதலில் பார்க்கிற இடம் அடுப்பு மேடைதான். கேக், தந்தூரி என்று வாரத்தில் இரண்டு மூன்று நாள் கன்வெக்‌ஷன் போடுகிற வீட்டுக்கு மட்டும் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும்.

பெட்டியின் அளவும் அது மூச்சு விடும் இடமும்

20 லிட்டர் சோலோ (சூடு பண்ண மட்டும் உள்ள மாடல்) சுமார் 45 செ.மீ. அகலம், 26 செ.மீ. உயரம், 35 செ.மீ. ஆழம், எடை 11 கிலோ அளவில். 28 லிட்டர் கன்வெக்‌ஷன் என்றால் 52 அகலம், 31 உயரம், 50 ஆழம். எடை 17, 18 கிலோ வரும். கடையில் இந்த அளவைத்தான் சொல்வார்கள். வீட்டில் தேவைப்படும் இடம் வேறு. பொதுவாகக் கையேடுகள் கேட்பது பின்னால் 10 செ.மீ., பக்கங்களில் 10 செ.மீ., மேலே 20 செ.மீ. வெற்றிடம். உங்கள் மாடலின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆக, 20 லிட்டர் பெட்டிக்கு 65 அகலம், 45 ஆழம், 46 உயரம். 28 லிட்டருக்கு 72 அகலம், 60 ஆழம், 51 உயரம். நம் ஊர் கிரானைட் மேடையின் ஆழம் 2 அடி, அதாவது 60 செ.மீ. பெரிய பெட்டி மேடையின் முன் விளிம்பு வரை வந்து நிற்கும் என்று அர்த்தம்.

இந்த வெற்றிடம் எதற்கு? 1200 வாட்ஸ் இழுக்கிற சோலோவில் உணவுக்குப் போய்ச் சேர்வது 700 முதல் 800 வாட்ஸ். மீதி 400, 500 வாட்ஸும் சூடாக மாறி, உள்ளே இருக்கும் சின்ன விசிறி வழியாக வெளியே வருகிறது. வெளியே போக வழி இல்லையென்றால் அதே சூட்டுக் காற்றைத்தான் பெட்டி மறுபடி இழுக்கும். ஏற்கெனவே சித்திரை வெயிலில் அடுப்படி 40 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருக்கும். மேக்னட்ரான் (மைக்ரோவேவ் அலையை உண்டாக்கும் பாகம்) அளவு மீறிச் சூடானதும் பாதுகாப்புச் சுவிட்ச் வெட்டிவிடும். ஐந்து நிமிடத்துக்கு வைத்தது இரண்டு நிமிடத்தில் நின்றுபோனால் மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன்னால் பெட்டிக்குப் பின்னால் கை விட்டுப் பாருங்கள். பெட்டி சுவரோடு ஒட்டியிருக்கும், அல்லது அழகுக்குப் போட்ட பூப்போட்ட துணி காற்றுத் துளைகளை மூடியிருக்கும்.

லைன் இல்லாத இடம் இடமே இல்லை

சோலோவுக்கு 5, 6 ஆம்பியர். கன்வெக்‌ஷன் சூடாகும்போது 10 ஆம்பியர். இரண்டுக்குமே 16 ஆம்பியர் சாக்கெட், 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி, தனி 16 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் வெட்டும் சுவிட்ச்) என்று வைத்துக்கொள்வதுதான் சரி. பெரிய பிளக்கைச் சின்ன சாக்கெட்டில் மாட்ட கன்வெர்ஷன் பிளக் கிடைக்கிறது. அதையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் இந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே கொண்டுவர வேண்டாம். முதலில் பிளக்கின் முனை லேசாகப் பழுப்பாகும், அப்புறம் பிளாஸ்டிக் உருகும், அதற்கப்புறம்தான் வீட்டில் யாருக்காவது வாடை தெரியும்.

பழைய வீட்டில் இன்னொரு சிக்கல், நீளம். மீட்டர் முகப்பில் இருக்கும், அடுப்படி கடைசியில். நடுவில் 150 அடி, சுமார் 45 மீட்டர். பழைய 1 சதுர மி.மீ. கம்பியில் 10 ஆம்பியர் அவ்வளவு தூரம் போனால் வழியிலேயே 20 வோல்ட் வரை விழும். 2.5 கம்பியில் 8 வோல்ட், 4 கம்பியில் 5 வோல்ட். சாயங்காலம் லைனிலேயே 200 வோல்ட்தான் வருகிறது என்றால், கடைசிக் கட்டில் 180ஐத் தொட்டுவிடும். பல்ப் எரியும், விசிறி சுற்றும். ஆனால் மைக்ரோவேவ் "ம்ம்" என்று சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும், பால் மட்டும் சூடாகாது. பெட்டி கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிப் போவதற்கு முன்னால், அது ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தச் சாக்கெட்டில் என்ன வோல்டேஜ் இருக்கிறது என்று எலெக்ட்ரீஷியனை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ரெண்டாங்கட்டில் வைத்தால் இந்தத் தூரம் பாதியாகக் குறையும். பழைய வீட்டுக்கு ரெண்டாங்கட்டைச் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எர்த் விஷயத்தில் சமரசமே கூடாது. மைக்ரோவேவின் உள்ளே 2,000 வோல்ட்டுக்கு மேல் தயாராகிறது. சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் மாடல்களில் அந்தச் சுற்றின் ஒரு முனையைப் பெட்டியின் தகட்டோடேயே இணைத்திருப்பார்கள். எர்த் இல்லாமல் ஓட்டினால் உள்ளே ஏதாவது பழுது ஏற்படும்போது அந்தத் தகட்டைத் தொடுகிற கைதான் எர்த். மரப்பட்டை அடித்து மேலாக ஓட்டிய பழைய வயரிங்கில் மூன்றாவது கம்பி இருக்காது. இருந்தாலும் எங்கேயாவது பாதியில் அறுந்திருக்கும். "அதெல்லாம் தாங்கும் ஆச்சி" என்று எலெக்ட்ரீஷியன் சொன்னால், "சரிப்பா, எர்த்தைச் சோதித்துக் காட்டிவிட்டு மாட்டு" என்று சொல்லிவிடுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனை வெட்டும் சுவிட்ச்) ஒன்றும் போட்டுக்கொள்வது நல்லது.

இன்வெர்ட்டர் லைனில் இருக்கும் சாக்கெட்டும் ஆகாது. வீட்டில் இருக்கும் 850 விஏ, 1100 விஏ இன்வெர்ட்டரெல்லாம் இதைத் தாங்காது. கரண்ட் போன நேரத்தில் யாராவது பட்டனைத் தட்டினால் வீடு மொத்தமும் இருட்டாகும்.

அடுப்பு மேடை

புதுவீட்டுக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் இங்கேதான் வைப்பார்கள். வைக்கலாம், ஆனால் பர்னரிலிருந்து 2 அடியாவது தள்ளி. இங்கே தீயை விட மோசமான எதிரி எண்ணெய்ப் புகை. கோழிக்குழம்புக்கு வதக்கும்போது கிளம்புகிற எண்ணெய் ஆவியை மைக்ரோவேவின் விசிறி நேராக உள்ளே இழுக்கும். ஆறு மாதம் கழித்துப் பக்கத்துத் துளைகளை விரலால் தடவிப் பாருங்கள்: தேன் மாதிரி பிசுபிசுப்பு, அதில் ஒட்டிய தூசி. அந்த வாடைக்கு எறும்பும் கரப்பானும் வரும், அதைத் தேடிப் பல்லி வரும். பல்லி சர்க்யூட் போர்டின் மேல் விழுந்தால் அன்றைக்குப் பெட்டியின் கதை முடிந்தது. சிம்னி வைத்த அடுப்படியில் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும், அடியோடு நீங்காது. தொட்டியிலிருந்தும் 2 அடி தள்ளி வையுங்கள். குக்கர் ஆவி போய் முட்டுகிற இடத்தில் சாக்கெட் இருக்கக் கூடாது.

மேடையின் இடது ஓரமா வலது ஓரமா என்பதை யாரும் யோசிப்பதில்லை. வழக்கமான மாடல்களில் கதவின் கீல் இடது பக்கம், பட்டன்கள் வலது பக்கம். கதவு இடப்பக்கமாகத் திறக்கும். பெட்டியை மேடையின் வலது கோடியில் வைத்தால் காலி மேடை இடப்பக்கம் இருக்கும், திறந்த கதவு இரண்டுக்கும் நடுவில் வந்து நிற்கும். கொதிக்கிற ரசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கதவைச் சுற்றி வர வேண்டும். இடது கோடியில், சுவரிலிருந்து 10 செ.மீ. விட்டு வைத்துப் பாருங்கள். கதவு சுவர்ப் பக்கம் ஒதுங்கிக்கொள்ளும், பாத்திரம் அப்படியே வலப்பக்கம் இறங்கும். இறக்கி வைக்க 40 செ.மீ. காலி இடம் எப்போதும் இருக்கட்டும். அந்த இடத்தில் அஞ்சறைப் பெட்டியையும் எண்ணெய்த் தூக்கையும் கொண்டுவந்து வைத்தால் இவ்வளவு யோசித்ததும் வீண்.

சுவர் பிராக்கெட்

ஃபிளாட்டில் 9 அங்குலச் செங்கல் சுவரோ கான்கிரீட்டோ இருந்தால் நல்ல யோசனை. மேடை காலியாகும், தரையைத் துடைக்க எளிது. 10 மி.மீ. ஆங்கர் போல்ட் நான்கு, சுவருக்குள் 3 அங்குலம் இறங்க வேண்டும். லைட் வெயிட் பிளாக் சுவர் என்றால் அதற்கென்று இருக்கும் தனி ஆங்கர் வேண்டும். சாதாரண போல்ட் உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது.

பழைய வீட்டில் பிராக்கெட் வேண்டவே வேண்டாம். கண்ணாடி மாதிரி மின்னுகிற அந்தச் சுண்ணாம்புப் பூச்சு பல அடுக்கு கொண்டது. பிளாஸ்டிக் பிளக் வைத்து ஸ்க்ரூ முடுக்கினால் அது பூச்சை மட்டும்தான் கடிக்கும், செங்கல் வரை போகாது. 11 கிலோ பெட்டியோடு, கதவைத் தினமும் இருபது தடவை இழுக்கிற விசையும் மேல் ஸ்க்ரூவின் மேல்தான் விழும். போல்ட்டை ஆழமாக இறக்கினால் விரிகிற போல்ட் சுண்ணாம்புச் சாந்தையும் செங்கலையும் பிளந்துவிடும். பிறகு அந்த ஓட்டையைச் சிமெண்டு வைத்து அடைப்பார்கள். சிமெண்டு ஈரத்தை வெளியே விடாது, சுற்றியுள்ள பூச்சு உப்புப் பூத்து உதிரும். அந்தப் பளபளப்பைத் திரும்பக் கொண்டுவரத் தெரிந்த கைகள் இப்போது அதிகம் இல்லை. அதே காரணத்துக்காக வயர் பதிக்கவும் சுவரை வெட்டாதீர்கள். மூலையோரமாகப் பிவிசி பட்டை அடித்து ஓட்டினால் போதும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்காதுதான்.

சுவரலமாரியும் கடப்பைக்கல் தட்டும்

அடுப்படிச் சுவரில் ஏற்கெனவே ஒரு மாடமோ கதவு வைத்த அலமாரியோ இருந்தால் ஆசை வரும். ஆழத்தை அளந்து பாருங்கள். கடப்பைத் தட்டு பெரும்பாலும் 12 முதல் 15 அங்குலம்தான். 14 அங்குல ஆழப் பெட்டியை வைத்தால் பின்னால் காற்றுக்கு இடமே மிஞ்சாது. நடுவில் தாங்கல் இல்லாத நீளக் கடப்பைக்கல் எடை தாங்காமல் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். மரம் மாதிரி முதலில் வளைந்து எச்சரிக்காது. மூன்று பக்கம் மூடிய மாடத்தில் கன்வெக்‌ஷனை ஓட்டவே கூடாது.

மாடுலர் கிச்சன் உயர அலமாரிக்குள் வைப்பதானால் அதற்கென்றே வரும் பில்ட்‑இன் மாடல் வாங்குங்கள். சாதாரண மாடலைப் பெட்டிக்குள் சொருகினால், பின் பலகையை முழுசாக வெட்டி எடுத்து மேலே காற்று போக வழி விட்டிருந்தால் ஒழிய, ஒரு வருஷத்துக்குள் லேமினேட் உப்பும்.

ஃப்ரிட்ஜ் மேலேயும் மேடைக்குக் கீழேயும்

ஃப்ரிட்ஜ் மேல் வைப்பது இங்கே சர்வசாதாரணம். சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜே சுமார் 4 அடி. பெட்டியின் அடிப்பாகம் அதைப் பயன்படுத்துகிறவரின் தோளுக்கு 3 அங்குலமாவது கீழே இருக்க வேண்டும் என்பது நல்ல கணக்கு. 5 அடி உயரமுள்ள ஆச்சிக்கு அது 3¾ அடிக்கு மேல் போகக் கூடாது. 4 அடி உயரத்திலிருந்து கொதிக்கிற குழம்பை இறக்கினால் தளும்புவது முகத்தின் மேல். டபுள் டோர் என்றால் பேச்சே இல்லை. பின்பக்கம் கறுப்புக் கம்பி வலை உள்ள பழைய ஃப்ரிட்ஜில் அந்தச் சூடு நேராக மேலேறி மைக்ரோவேவின் முதுகில் படும். இரண்டுக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கரண்ட் எடுப்பதும் வழக்கமாக இதோடு சேர்ந்தே வரும்.

மேடைக்குக் கீழே: வேண்டாம். குனிந்து சூடான பாத்திரம் எடுக்க வேண்டும், வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற தரை, கரப்பான் குடியிருக்கிற இடம், தவழ்கிற பிள்ளையின் கைக்கு எட்டுகிற கதவு. சில கையேடுகள் தரையிலிருந்து 85 செ.மீ. உயரத்தில் வைக்கச் சொல்வது சும்மா இல்லை.

ரெண்டாங்கட்டில் தனி மேஜை

பழைய வீட்டுக்கு இதுதான் முதல் தேர்வு. சாப்பாட்டுக் கூடத்தில், ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில், தனி ஸ்டாண்ட் அல்லது மேஜை. எடை முழுவதும் தரைக்குப் போகிறது, சுவரைத் தொட வேண்டியதில்லை, எண்ணெய்ப் புகை இல்லை, வயர் தூரம் குறைவு. விருந்தாளி நிறைந்த நாளில், அடுப்படியில் சமையல்காரர் கையில் கரண்டியோடு நிற்கும்போது, பிள்ளைக்குப் பால் சூடு பண்ண யாரும் அவர் குறுக்கே போக வேண்டியதில்லை. கல்யாணம் ஆனதும் பிள்ளைகளை வேறு வைத்து, ஒரே வீட்டில் ஆளுக்கொரு அடுப்பு எரித்த வழக்கம் உள்ள ஊர் இது. பங்காளிகள் கூடும்போது எல்லாருக்கும் பொதுவாக ஒரு பெட்டி இருக்க வேண்டுமென்றால் அது யாருடைய அடுப்படியிலும் இல்லாமல் இருப்பதே மரியாதை.

மேஜையின் அளவு: 20 லிட்டர் பெட்டிக்கு இடது பக்கம் 10, பெட்டி 45, வலது பக்கம் இறக்கி வைக்க 40. மொத்தம் 95 செ.மீ. நீளம், ஆழம் 45க்குக் குறையாமல். வீட்டில் கிடக்கும் பர்மா தேக்கு மேஜையே போதும். உயரம் 75 செ.மீ.தான் இருக்கும் என்பதால் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பிளக்கைக் கழற்றி வைக்கிற பழக்கம் வேண்டும். சக்கரம் வைத்த டிராலி வாங்கினால் நான்கில் இரண்டு சக்கரத்திலாவது லாக் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கதவை இழுக்கும்போது வண்டியே கூட வரும். இரும்புக் காலோ சக்கரமோ ஆத்தங்குடிக் கல்லின் மேல் கோடு போட்டுவிடும், ரப்பர் புஷ் மாட்டுங்கள்.

இந்த இடத்துக்கும் குறை உண்டு. முற்றத்தை ஒட்டி வைத்தால் ஐப்பசி, கார்த்திகையில் சாரல் அடிக்கும். முற்ற விளிம்பிலிருந்து 6 அடியாவது உள்ளே, சாரல் எட்டாத சுவரோரம் வையுங்கள். ஈரம் புகுந்தால் முதலில் போவது தொடு பட்டன்கள்: ‘ஸ்டார்ட்’ மட்டும் வேலை செய்யாது. ஆச்சி தனியாக இருக்கும் வீட்டுக்குத் திருகு குமிழ் உள்ள மாடலே மேல். வைஃபை மோடம் அதே மேஜையில் இருந்தால் பெட்டி ஓடும்போது நெட் தடுமாறும், இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் என்பதால். மோடத்தை இன்னொரு சுவருக்கு மாற்றிவிடுங்கள்.

மேஜையின் கீழ்த்தட்டில் கண்ணாடிக் கிண்ணம் நாலு, மூடி இரண்டு வைத்துவிடுங்கள். அடுப்படியில் பெட்டி இருந்தால் கைக்கு வருவதெல்லாம் எவர்சில்வர். அவசரத்தில் ஒரு நாள் டிபன் பாக்ஸ் உள்ளே போய் தீப்பொறி பறக்கும். அலமாரியில் இருக்கும் அந்தப் பழைய எனாமல் தட்டுகளும் ஆகாது, பூச்சுக்கு அடியில் இரும்பு. மீந்த கவுனி அரிசியை (கறுப்பரிசி இனிப்பு) ஒரு கரண்டி தண்ணீர் தெளித்துச் சூடு பண்ணினால் பொங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கும். வெள்ளைப் பணியாரத்தை மட்டும் உள்ளே வைக்காதீர்கள், ரப்பராகிவிடும்.

ஃபிளாட்டிலும் புதுவீட்டிலும் எங்கள் வரிசை வேறு: மேடையின் இடது கோடி, அது முடியாவிட்டால் நல்ல சுவரில் பிராக்கெட், அதுவும் முடியாவிட்டால் சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் ஸ்டாண்ட்.

முடிவெடுத்த பிறகும் உடனே லைன் இழுக்க வேண்டாம். பெட்டி வந்த அட்டைப் பெட்டி, உள்ளே தெர்மோகோல் இருப்பதால், பெட்டியை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், காற்று இடம் முழுவதும் அதில் வராது. அதை அந்த இடத்தில் இரண்டு நாள் வைத்துவிட்டு வழக்கம்போலச் சமையுங்கள். யாருடைய முழங்கை இடிக்கிறது, எந்த ஜன்னல் கதவு மோதுகிறது, எத்தனை தடவை அதைச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பிள்ளையார்பட்டி சதுர்த்திக்கோ கல்யாணத்துக்கோ மட்டும் வந்து திறக்கிற வீடாக இருந்தால், பூட்டுவதற்கு முன்னால் உள்ளே ஈரத்துணியால் துடைத்து, ஒரு மணி நேரம் கதவைத் திறந்து உலரவிட்டு, சுழல் தட்டைக் கழற்றி வெளியே வையுங்கள். பிளக்கை உருவி, வயரைச் சுருட்டிப் பெட்டியின் மேல் வைத்தால் எலி கடிக்கிற வாய்ப்பு குறையும். கதவை மூடி, பருத்தித் துணியால் போர்த்துங்கள். திரும்பி வந்ததும் துணியை எடுத்து, துளைகளை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். தண்ணீர் சூடானால் பெட்டி சரி. காலியாக மட்டும் ஓட்ட வேண்டாம்.